ஒரு விரல் ஆமாம், இரண்டு விரல் இல்லை

முதலில் அந்த விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு மேலே ஓடாது.

ஆஸ்டின் நகரம். டெக்சஸ் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் பார்வையாளர் மாடம். கட்டணம் கிடையாது, சிபாரிசுக் கடிதம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் படியேறிப் போய் உட்காரலாம். கீழே பிரதிநிதிகள் அவையின் 150 மேசைகள். ஒரு மசோதா வாக்குக்கு வருகிறது. சபாநாயகர் மணியடிக்கச் சொல்கிறார். அந்த நொடியில் ஒருவர் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஆட்காட்டி விரலைக் காட்டுகிறார். வேறொரு மூலையில் இன்னொருவர் இரண்டு விரலைக் காட்டுகிறார். உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையிலுள்ள பட்டனை அமுக்குகிறார்கள். முன்சுவரின் பெரிய பலகையில் பெயர்களுக்கு எதிரே பச்சையும் சிவப்புமாக விளக்குகள் பொரிகின்றன.

"ஒரு விரல்னா ஆமாம் போடுங்கன்னு அர்த்தம் ஆன்ட்டி. ரெண்டு விரல்னா இல்லைன்னு போடணும்." என் காதருகே சொன்னவன் எங்கள் குடும்ப நண்பர் வீட்டுப் பிள்ளை. அந்த ஆண்டு ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் பயிற்சி ஊழியன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஆறிப்போன காபி, மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத கண்கள். "எட்டாயிரம் மசோதாவுக்கு மேல இருக்கு. எல்லாத்தையும் எல்லாரும் படிக்க முடியாதில்ல? யாரை நம்புறாங்களோ அவங்க விரலைப் பார்த்துப் போடுவாங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. டிவியில் பார்க்கும்போது சட்டம் இயற்றுவது என்பது மைக்கும் மேசையும் கோட்டு சூட்டுமாகத் தெரிகிறது. இங்கே பார்த்தால், எங்கள் தெருப் பிள்ளைகள் சாக்பீஸில் கோடு போட்டு விளையாடும்போது கண்ணால் சைகை காட்டிக்கொள்வார்களே, அதுபோல ஒரு விரலில் முடிகிறது!

நான் போனது 2023-இல். போகக் காரணம் ஒரு மாத்திரை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளின் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது: நண்பர்கள் கொடுத்தால்கூட எந்த மாத்திரையையும் விழுங்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் பேசுங்கள். ஆஸ்டினுக்குத் தெற்கே ஹேஸ் பள்ளி மாவட்டத்தில் 2022 கோடையில் பதின்வயதுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஃபென்டனைல் என்ற மருந்துக்குப் பலியாகியிருந்தார்கள். அந்த மரணங்களைப் பற்றிய செய்தியில் வந்த மாத்திரைப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிர்நீலம், வட்டம், ஒரு பக்கம் கட்டத்துக்குள் எம் என்ற எழுத்து, மறுபக்கம் 30. மருந்துக்கடையில் வலிக்குக் கொடுக்கும் ஆக்ஸிகோடோன் மாத்திரையை அச்சு அசலாக உரித்து வைத்த போலி. ஓரம் சற்று உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த ஓரத்தையா பார்க்கும்?

ஃபென்டனைல் கெட்ட மருந்தாகப் பிறந்ததல்ல. பெல்ஜியத்தில் பால் யான்சென் என்ற மருத்துவர் 1960 வாக்கில் உருவாக்கியது, இன்றும் அறுவை சிகிச்சை அரங்குகளில் தினமும் பயன்படுகிறது. மார்பினைவிட நூறு மடங்கு வீரியம். அதுதான் அதன் நன்மை, அதுதான் அதன் கேடு. 2 மில்லிகிராம், அதாவது விரல் நுனியில் ஒட்டும் பத்துப் பதினைந்து உப்புத் துகள் அளவு, ஒரு மனிதரின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். அமெரிக்காவின் போதைத் தடுப்பு முகமையின் ஆய்வகம் 2023-இல் சோதித்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் அந்த அளவு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022-இல், டெக்சஸில் மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல் இதனால் இறந்தார்கள். நாளொன்றுக்கு ஐந்து வீடு.

வரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூலப் பொருள்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலேறி மெக்சிகோவின் பசிபிக் துறைமுகங்களில் இறங்குகின்றன. சினலோவா மாநிலத்து மறைவிடங்களில் சமைத்து, மாத்திரை அடிக்கும் இயந்திரத்தில் போட்டு எடுக்கிறார்கள். பிறகு எல்லை. இங்கேதான் நான் நினைத்திருந்தது முழுக்கத் தப்பு! இரவில் பாலைவனத்தில் மூட்டை சுமந்து வருவார்கள் என்று சினிமாவில் பார்த்த மாதிரியே எண்ணியிருந்தேன். பிடிபடும் ஃபென்டனைலில் பெரும்பகுதி பட்டப்பகலில், முறையான சோதனைச் சாவடி வழியாக, சாதாரணக் காரில் வருகிறது. கதவுத் தகட்டுக்குள், பெட்ரோல் டேங்குக்குள், ஸ்டெப்னி டயருக்குள். ஓட்டி வருபவர்களில் பலர் அமெரிக்கக் குடிமக்கள், ஏனென்றால் அவர்களைத்தான் வரிசையில் சீக்கிரம் விடுவார்கள். நம்மூரில் தங்கம் கொண்டு வருபவரைக் குருவி என்போமே, அந்தக் குருவிகள்தான் இவர்களும். 2023 நிதியாண்டில் எல்லைக் காவலும் சுங்கமும் சேர்ந்து பிடித்தது 27,000 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 12 டன். அதிலும் பெரும்பங்கு கலிபோர்னியா, அரிசோனா சாவடிகளில் பிடிபட்டது.

டெக்சஸ் எல்லையிலும் சாவடிகள் உண்டு, ஆனால் அவை மாநில அரசுடையவை அல்ல. மெக்சிகோவுடன் டெக்சஸுக்கு இருக்கும் எல்லை 2,000 கிலோமீட்டர், சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிட்டத்தட்டப் போய்ச்சேர்ந்துவிடலாம். அத்தனை நீள எல்லையிலும் பெட்டியைத் திற என்று சொல்லும் சுங்க அதிகாரம் வாஷிங்டனுக்குத்தான். மாநிலம் என்ன செய்யமுடியும்?

2022 ஏப்ரலில் ஆளுநர் கிரெக் அபட் ஒன்று செய்து பார்த்தார். எல்லை தாண்டி வரும் லாரிகளை மாநிலப் போலீஸ் மறுபடி நிறுத்திச் சோதிக்கட்டும் என்று உத்தரவிட்டார். மாநிலப் போலீஸுக்கு அங்கே இருக்கும் அதிகாரம் வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பிரேக், டயர், விளக்கு, எண்ணெய் ஒழுகல். பாலங்களில் லாரிகள் மணிக்கணக்கில், சில இடங்களில் நாள் கடந்தும் நின்றன. வெண்ணெய்ப் பழமும் தக்காளியும் வண்டியிலேயே கனிந்து அழுகின. ஒன்றரை வாரத்துக்குள், எல்லையோர மெக்சிக மாநிலங்கள் நான்கின் ஆளுநர்களோடு ஒப்பந்தம் போட்டு உத்தரவு விலக்கப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகளைச் சோதித்தார்கள். தேய்ந்த டயர் கிடைத்தது, பழுதான பிரேக் கிடைத்தது. போதைப்பொருள் ஒரு பொட்டலம்கூடக் கிடைக்கவில்லை.

எல்லை கைக்கு எட்டாதபோது மாநிலத்தின் கைக்கு எட்டுவது என்ன? குற்றவியல் சட்டப் புத்தகம். சுகாதாரச் சட்டப் புத்தகம். பள்ளிப் பாடத்திட்டம். இறப்புச் சான்றிதழில் எழுதப்படும் ஒரு சொல். அந்தச் சட்டச் சமையல் நடக்கும் அடுக்களையைப் பார்க்கத்தான் நான் ஆஸ்டின் கட்டடத்துக்குள் நுழைந்தேன்.

அடடா, அந்தக் கட்டடம்! 1888-இல் திறந்தது. சிவந்த கருங்கல், சாயங்கால வெயில் பட்டால் நுங்குத் தோலில் ஓடும் இளஞ்சிவப்புபோல இருக்கும். கட்டக் காசில்லாமல் முப்பது லட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுத்துக் கட்டிய கட்டடம். வட்ட மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்தால் இருநூறு அடிக்கு மேலே ஒரு நட்சத்திரம், உள்ளங்கை அளவு தெரிகிறது. உண்மையில் எட்டு அடி அகலம். சுவரைச் சுற்றிச் சுழன்றேறும் வரிசையில் முன்னாள் ஆளுநர்களின் படங்கள். புதியவர் ஒருவர் சேரும்போது அத்தனை படங்களும் ஓரிடம் நகர்த்தி மாட்டப்படும். கதவுக் கீல்களைக் குனிந்து பாருங்கள், 'டெக்சஸ் கேபிடல்' என்று பொறித்திருக்கும். பிரதிநிதிகள் அவையின் சரவிளக்குகளைப் பாருங்கள், நட்சத்திர வடிவத்தில் பல்புகள், ஒவ்வொரு முனைக்கும் ஓர் எழுத்தாக மாநிலத்தின் பெயரையே எழுதிக்காட்டும். நான் ஐந்து எழுத்தையும் கண்டுபிடிக்கும்வரை கழுத்தை இறக்கவில்லை.

ஆனால் இந்தக் கட்டடத்தின் உண்மையான எஜமானன் நாட்காட்டி. இந்தச் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான். ஒற்றைப்படை ஆண்டில், ஜனவரி இரண்டாம் செவ்வாய் தொடங்கி 140 நாள். அதோடு சரி. 2023-இல் ஜனவரி 10 முதல் மே 29 வரை. உறுப்பினர் சம்பளம் மாதம் 600 டாலர், கூடும் நாளுக்குப் படி தனி. ஆகவே எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. வக்கீல், டாக்டர், பண்ணைக்காரர், வீட்டுமனை வியாபாரி. ஜனவரியில் ஊரைப் பூட்டிக்கொண்டு வந்து, மே கடைசியில் திரும்பிப் போகிறார்கள். எட்டாயிரம் மசோதாவில் அந்த ஆண்டு தேறியவை ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். மற்றவை அப்படியே காய்ந்துபோகும். தோற்று அல்ல, நேரம் போதாமல்.

இதில் இன்னொரு முடிச்சு. முதல் அறுபது நாளில் எந்த மசோதாவையும் நிறைவேற்றக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆளுநர் ஒரு விஷயத்தை அவசரம் என்று அறிவித்தால் அந்தப் பூட்டு திறக்கும். 2023 பிப்ரவரியில் அபட் ஏழு விஷயங்களை அப்படி அறிவித்தார். அதில் ஒன்று ஃபென்டனைல்.

"ஆன்ட்டி, மசோதா நம்பரைப் பார்த்தே அதோட ஜாதகத்தைச் சொல்லிடலாம்" என்றான் பையன். நான் அப்படியே சிலிர்த்து நின்றேன். மசோதாவுக்கு வரிசையில் வந்த எண்தான் கிடைக்கும். ஆனால் ஆரம்ப எண்கள் சிலவற்றைச் சபாநாயகர் கைவசம் வைத்திருப்பார். தான் கட்டாயம் கரையேற்ற நினைக்கும் மசோதாவுக்கு மட்டும் அதைக் கொடுப்பார். சபாநாயகர் டேட் ஃபீலன் அந்த ஆண்டு 6 என்ற எண்ணைக் கொடுத்தது ஃபோர்ட் வொர்த் உறுப்பினர் கிரேக் கோல்ட்மன் கொண்டுவந்த மசோதாவுக்கு. எச்.பி. 6, அதாவது ஹவுஸ் பில் 6. ஃபென்டனைலைத் தயாரித்தோ கைமாற்றியோ ஒருவர் சாகக் காரணமானால் அது கொலை. இந்த ஒற்றை வாக்கியம்தான் அதன் உயிர். மேலவையான செனட் பக்கத்தில் ஜோன் ஹஃப்மன் கொண்டுவந்த எஸ்.பி. 645 அதன் இரட்டைப் பிள்ளை. இரு அவையிலும் ஒரே கருத்தை ஒரே சமயத்தில் விதைத்து வைப்பார்கள். எது முந்துகிறதோ அது பிழைக்கும்.

இனி நிலத்தடிக்கு வாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் புல்வெளி, அதன் அடியில் நான்கு தளம்! பழைய கட்டடத்தின் அழகு கெடக்கூடாது என்று 1993-இல் பூமிக்குள் இறக்கிக் கட்டிய விரிவாக்கம். கமிட்டி அறைகள் பெரும்பாலும் இங்கேதான். மசோதா பற்றிப் பேச எந்தப் பொதுஜனமும் வரலாம். தாழ்வாரத்தில் தொடுதிரை இருக்கும். பெயர் போட்டு, ஆதரவா, எதிர்ப்பா, பொதுவாகப் பேசுகிறீர்களா என்று தொட்டுவிட்டு உட்கார வேண்டும். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. காலையில் பெயர் கொடுத்தவர் இரவு பத்துக்குமேல் பேசுவதும் உண்டு. பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்.

ஃபென்டனைல் மசோதாக்களுக்கு வந்தவர்களை அடையாளம் காண்பது எளிது. மடியில் சட்டமிட்ட புகைப்படம் இருக்கும். பட்டமளிப்பு அங்கி அணிந்த பெண்பிள்ளை, மீன்பிடித் தூண்டிலோடு சிரிக்கும் பையன். சிலர் அந்த முகத்தையே டி-சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். நாள் முழுக்கக் காத்திருந்து, மைக் முன்னால் உட்கார்ந்து, புகைப்படத்தை உறுப்பினர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். அதிகப்படியாகப் போதை எடுத்துச் செத்தான் என்று எழுதாதீர்கள், என் பிள்ளைக்கு விஷம் கொடுக்கப்பட்டது என்று எழுதுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஒரு சொல்லை மாற்றிக் கேட்டார்கள். அது கிடைத்தது. எச்.பி. 6-இன்படி, ஃபென்டனைலால் இறந்தவரின் உடலில் சாகும் அளவுக்கு அது இருந்தது உறுதியானால், சான்றிதழில் 'ஃபென்டனைல் நச்சு' என்று எழுத வேண்டும். உலகத்தில் எத்தனையோ லாபிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு புகைப்படச் சட்டத்தை இரு கையால் பிடித்துக்கொண்டு பதினான்கு மணி நேரம் உட்காரும் தாயைப்போல வலுவான லாபி எதையும் நான் பார்த்ததில்லை.

பேசி முடிந்ததும் கமிட்டித் தலைவர் சொல்வார்: மசோதா நிலுவையில் வைக்கப்படுகிறது. முதல்முறை கேட்பவர்களுக்கு வயிற்றில் கல் விழும். பயப்பட வேண்டாம், முதல் விசாரணை முடிந்தால் வழக்கமாகச் சொல்லும் வாசகம் அது. பிறகு ஒருநாள் எடுத்து வாக்குக்கு விடுவார்கள். சில மசோதாக்களை எடுக்கவே மாட்டார்கள். இந்த வாசகத்தை நினைவில் வைத்திருங்கள்.

பையன் எனக்கு எச்.பி. 6-இன் தாளைக் காட்டினான். நான் அதைக் குழந்தையைப் போலக் கையில் வாங்கினேன். இங்கே மசோதாவில் புதிதாகச் சேர்ப்பதற்கெல்லாம் அடிக்கோடு இருக்கும். நீக்குவது அடைப்புக்குறிக்குள் குறுக்கே கோடடித்து இருக்கும். கொலை என்றால் என்ன என்று சொல்லும் பழைய சட்டப்பிரிவில் ஏற்கெனவே மூன்று வகை. நான்காவதாக அடிக்கோட்டோடு ஒரு வகை சேர்கிறது. தெரிந்தே இந்த வகைப் பொருளைத் தயாரிப்பவர் அல்லது கைமாற்றுபவர், அதனால் ஒருவர் இறந்தால், உட்கொண்டது எந்த அளவாயினும், வேறு பொருளோடு கலந்திருந்தாலும். தண்டனை ஐந்திலிருந்து 99 ஆண்டு, அல்லது ஆயுள்.

எனக்கு விரல் நின்ற இடம் 'கைமாற்றுபவர்' என்ற சொல். விற்பவர் என்று இல்லை. டெக்சஸ் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பணம் வாங்கியிருக்க வேண்டும் என்ற அவசியமே கிடையாது. கொடுத்தால் போதும். சினலோவாவில் இயந்திரம் ஓட்டுபவனும் கைமாற்றுகிறான், டயருக்குள் வைத்து ஓட்டி வருபவனும் கைமாற்றுகிறான், ஆளுக்கொன்று என்று தோழிக்கு நீட்டும் பதினேழு வயதுப் பெண்ணும் கைமாற்றுகிறாள். வலை ஒன்றுதான். முதலாமவன் டெக்சஸ் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை. மூன்றாமவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். அவையில் எதிர்த்துப் பேசியவர்களின் கவலை இதுதான், எனக்கும் அதே கவலை. பக்கத்தில் ஒருத்தி மூச்சுத் திணறும்போது அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டிய கை, கொலை வழக்கை நினைத்து ஒரு கணம் தயங்கினால் என்ன ஆகும்? அழைப்பவரைக் காக்க 2021-இல் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டிருக்கிறது, ஆனால் அதில் விதிவிலக்குகள் பல. முன்பு போதை வழக்கில் தண்டனை பெற்றவருக்குப் பாதுகாப்பில்லை. ஏற்கெனவே அண்மையில் ஒருமுறை அழைத்தவருக்கும் இல்லை.

புகைப்படம் பிடித்த தாயையும் நான் பார்த்துவிட்டேன். அவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் கவலை போகவில்லை.

சரி, அவைக்கு வாருங்கள், அங்கேதான் திருவிழா! முன்னால் ஒரு மைக், பின்னால் ஒரு மைக். மசோதாவைக் கொண்டுவந்தவர் முன் மைக்கில் நிற்பார். கேள்வி கேட்பவர் பின் மைக்குக்கு நடந்து வருவார். பதில் சொல்கிறீர்களா என்று கேட்பார், சொல்கிறேன் என்றால்தான் சண்டை தொடங்கும். யாராவது கையில் விதிப்புத்தகத்தோடு மேடையை நோக்கி நடந்தால் மொத்த அவையும் நிமிர்ந்து உட்காரும். ஒழுங்குப் பிரச்சினை! மசோதாவோடு இணைத்த விளக்கக் குறிப்பில் ஒரு தேதியோ ஒரு விவரமோ பிசகியிருந்தால் போதும், மசோதா அங்கேயே நின்றுவிடலாம். கருத்தில் தோற்கடிக்க முடியாததைக் காற்புள்ளியில் தோற்கடித்துவிடுவார்கள். அதற்காகவே இரவு முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு குறிப்பையும் படிக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று நிலத்தடி அறைகளில் உண்டு. என்னோடு வந்த பயிற்சி ஊழியப் பையனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

மே மாதம் பிறந்துவிட்டால் வேறொரு தந்திரம் வரும். 'சப்பிங்' என்று அதற்குப் பெயர். பிடிக்காத மசோதா பட்டியலில் பத்தாவதாக இருந்தால், முதல் ஒன்பதின்மேல் மணிக்கணக்காகப் பேசுவார்கள். இனிமையாக, மரியாதையாக, ஒரு சாதாரண மசோதாவைப் பற்றி உலகிலுள்ள அத்தனை கேள்வியும் கேட்பார்கள். நள்ளிரவு கெடு முடிந்தால் பத்தாவது காலி. கடிகாரம் பன்னிரண்டை நெருங்கும்போது மாடத்தில் இருப்பவர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துவிட்டேன். அவரும் விடவில்லை.

எச்.பி. 6 எல்லாவற்றையும் தாண்டியது. பிரதிநிதிகள் அவை கட்டடத்தின் மேற்குச் சிறகு, செனட் கிழக்குச் சிறகு, நடுவே அந்த வட்ட மண்டபம். ஓர் அவையில் தேறிய மசோதாவைப் பற்றி மறு அவைக்குத் தூது போகும். வாசலில் நிற்பவர் தூதர் வந்திருக்கிறார் என்று குரல் கொடுத்து அறிவிப்பார், ராஜா காலத்து நாடகம் போல. 31 செனட்டர்கள் 1888-இல் செய்த அதே வால்நட் மர மேசைகளில் உட்கார்ந்து கேட்பார்கள். 2023 ஜூன் 14 அன்று, பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் சூழ்ந்து நிற்க, அபட் நான்கு மசோதாக்களில் கையெழுத்திட்டார். எச்.பி. 6 ஒன்று. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் ஃபென்டனைல் பாடம் நடத்தச் சொல்லும் எச்.பி. 3908 ஒன்று. அக்டோபரை விழிப்புணர்வு மாதமாக்கும் எச்.பி. 3144 ஒன்று. நின்ற மூச்சை மீட்கும் நலாக்ஸோன் மருந்தைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கும் எஸ்.பி. 867 ஒன்று.

ஐந்தாவதாக ஒரு மசோதா அங்கே இருந்திருக்க வேண்டும்.

அதைச் சொல்ல ஒரு சின்னப் பொருளைக் காட்ட வேண்டும். ஃபென்டனைல் சோதனைப் பட்டை. தீக்குச்சியைவிட நீளம், ஒரு விரற்கடையில் பாதி அகலம், வெள்ளைக் காகிதம், விலை சுமார் ஒரு டாலர். மாத்திரைத் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பட்டையின் நுனியைச் சில விநாடி நனைத்து, தட்டையாக வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிவப்புக் கோடு ஒன்று மட்டும் தோன்றினால் உள்ளே ஃபென்டனைல் இருக்கிறது. இரண்டு கோடு தோன்றினால் பட்டைக்கு அது தட்டுப்படவில்லை.

ஒன்று என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. மேலே மாடத்தில் நான் பார்த்த அதே சைகை, ஒரு டாலர் காகிதத்தில்!

இந்தப் பட்டையை வைத்திருப்பது அன்றைய டெக்சஸில் குற்றம். போதைப்பொருளைச் சோதிக்கும் கருவியும் போதைக்கான சாதனம் என்ற பட்டியலில் இருந்தது. அந்த ஒரு சொல்லை விலக்க எச்.பி. 362 என்ற மசோதாவைக் கொண்டுவந்தவர் டாம் ஆலிவர்சன், குடியரசுக் கட்சி, தொழிலில் மயக்க மருந்து மருத்துவர். ஃபென்டனைல் எந்த அளவில் வலியை ஆற்றும், எந்த அளவில் மூச்சை நிறுத்தும் என்று அந்த 150 பேரில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆளுநரே பட்டையை ஆதரிப்பதாக முன்பே சொல்லியிருந்தார். ஏப்ரலில் பிரதிநிதிகள் அவை அதைக் கிட்டத்தட்ட ஒருமனதாக நிறைவேற்றியது. இரு கட்சியினரும் பச்சை விளக்கு. அப்படி ஒரு பலகையை இந்தக் காலத்தில் பார்ப்பது அபூர்வம்.

பிறகு மசோதா வட்ட மண்டபத்தைத் தாண்டிக் கிழக்கே போனது. அங்கே கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. அங்கேயே இருந்தது. மே 29-உம் வந்துவிட்டது. எதிர்த்துப் பெரிய உரை எதுவும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. யாரும் விரலே தூக்கவில்லை.

நான் அந்த மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல்வரை நடந்து பார்த்தேன். நட்சத்திரத்துக்கு நேர்கீழே கொஞ்சம் நின்று, அண்ணாந்து பார்த்து, ஆளுநர்கள் படங்களையும் பார்த்துவிட்டுப் போனாலும் இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. செத்த பிறகு நீதி தரும் சட்டம் இந்தத் தூரத்தைக் கடந்துவிட்டது. விழுங்குவதற்கு முன் ஒரு பிள்ளை பார்த்துக்கொள்ளக்கூடிய காகிதத்தால் கடக்க முடியவில்லை. பையனிடம் ஏன் என்று கேட்டேன். சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடமாகச் சொல்பவன், "தெரியலை ஆன்ட்டி" என்று அடையாள அட்டையைத் திருகிக்கொண்டே நின்றான்.

எச்.பி. 6 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளிச் சட்டமும் அந்தக் கல்வியாண்டிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்டோபரில் ஒரு மாலை, மகள் பையைத் தூக்கி எறிந்த கையோடு அடுக்களைக்கு வந்தாள். பள்ளியில் பாடம் நடந்ததாம், மூக்கில் அடிக்கும் நலாக்ஸோனைப் பற்றிச் சொன்னார்களாம். என்னைத் தரையில் படுக்கச் சொன்னாள். தோசை மாவுக் கரண்டியை வைத்துவிட்டுப் படுத்தேன். என் தலையைப் பின்னால் சாய்த்து, கையிலிருந்த பேனா மூடியை மூக்கில் வைத்து, "இப்படி வச்சு முழுசா அமுக்கணும்மா, உடனே 911-க்குப் போன்" என்றாள்.

"எத்தனை தடவை அமுக்கணும்?" என்று கேட்டேன்.

ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஒண்ணு. ரெண்டு மூணு நிமிஷம் பார்க்கணும். மூச்சு வரலைன்னா..." இன்னொரு விரலும் எழுந்தது.